பாட்ரிசியா நீல் முடங்கிப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடி ஜங்ஷனில் 26 வருடம் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலூர் கொசப்பேட்டையில் குடியிருக்கிறேன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் பத்திரிகைதான் வருகிறது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிறு இணைப்பில் பழைய ஹாலிவுட் நடிகைகளைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதில் பாட்ரிசியா நீலுக்கு ஐந்து வரி. கேரி கூப்பருடன் காதல், ரோல்ட் டால் என்ற எழுத்தாளருடன் கல்யாணம். கடைசி வரியில், 1965-இல் பக்கவாதம் தாக்கி முடங்கிப்போனார், அத்துடன் அவருடைய சினிமா வாழ்க்கை முடிந்தது என்று முடித்திருக்கிறீர்கள்.

இந்த வரியை எங்கள் வீட்டில் முதலில் படித்தது என் மனைவி. தினமும் காலையில் பத்திரிகையிலிருந்து பத்து வரி வாய்விட்டுப் படிப்பது அவளுக்குப் பயிற்சி. ‘முடங்கி’ வரைக்கும் வந்தவள் நிறுத்திவிட்டாள். அந்த வார்த்தை மேல் இடது கை விரலை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து “தப்பு” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து “எழுது” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இந்த நடிகையை எப்படித் தெரியும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022 மார்ச் மாதம். காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோலப்பொடி டப்பா விழுந்த சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பாதிக் கோலத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை தொங்கிக் கிடந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். “கரண்டி” என்றாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் “கரண்டி.” 24 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் அவள். தினமும் 200 பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட பள்ளிக்கூடம். அவ்வளவு பெரிய தமிழிலிருந்து அன்றைக்கு அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான்.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பி.பி. ஏறியிருக்கிறது, கேஸ் ட்ரபிளாகவும் இருக்கலாம் என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். கொஞ்சம் பொறுங்கள், பொறுங்கள் என்றே மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது என்று தெரிந்தபோது மணி பத்தே முக்கால். அந்தக் கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. அதை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. தூக்கம் வராத இரவுகளில் இன்றைக்கும் அந்த மூன்று மணி நேரத்தைத்தான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உயிர் பிழைத்தாள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் பேசுவது அவளுக்குப் புரிந்தது. நினைப்பதும் அவளுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. வார்த்தை மட்டும் கைக்குச் சிக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் கரண்டி, ஃபேன் போடச் சொன்னாலும் கரண்டி, என்னைக் கூப்பிட்டாலும் கரண்டி. சொல்ல வந்தது அது இல்லை என்று அவளுக்கே தெரியும். அதனால் அழுவாள். மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது கை காலோடு பேச்சும் போய்விடலாம், இதற்கு அஃபேசியா என்று பெயர் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

எங்களுக்குக் கிடைத்த ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் மணி நேரம் பயிற்சி. மூன்றாவது வாரம் நான் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அமெரிக்காவில் ஒரு நடிகை இருந்தார், அவரைப் பற்றிப் படித்துப் பாருங்கள் சார் என்று ஒரு காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுத்தாள். பாட்ரிசியா நீல். பெங்களூரில் இருக்கும் என் மகள் 1988-இல் வெளிவந்த அவருடைய சுயசரிதையைப் பழைய புத்தகமாகத் தேடி வாங்கி அனுப்பினாள். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் படித்து முடித்தேன். படித்ததையெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குத் தமிழில் சொல்வேன். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் அந்த அம்மா ஒரு சொந்தக்காரர் மாதிரி.

அவர் பிறந்தது 1926 ஜனவரி 20-ஆம் தேதி, கென்டக்கி மாநிலத்தில் பாக்கார்ட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். அப்பா நிலக்கரிக் கம்பெனியில் வேலை. வளர்ந்தது டென்னசியில் உள்ள நாக்ஸ்வில்லில். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு நியூயார்க் போனார். 1946-இல் பிராட்வே நாடகத்தில் முக்கிய வேடம். அடுத்த வருடம் நாடகத்துக்கான டோனி விருதுகளை முதன்முதலாகக் கொடுத்தபோது, அதை வாங்கியவர்களில் ஒருவர் இந்த 21 வயதுப் பெண். அப்புறம் ஹாலிவுட். 1949-இல் ‘தி ஃபவுண்டன்ஹெட்’ படத்தில் கேரி கூப்பருடன் நடித்தார். உங்கள் கட்டுரை அந்தக் காதலுக்கே மூன்று வரி கொடுத்துவிட்டது, நான் அதில் நிற்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கூப்பர் கல்யாணம் ஆனவர், அந்த உறவால் இரண்டு வீட்டிலும் துக்கம்தான். ஆனால் பல வருடம் கழித்து கூப்பருடைய மகளே இவருக்கு நல்ல சிநேகிதி ஆனார். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

1951-இல் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ என்று ஒரு படம். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ரோபோ உலகத்தையே அழிக்கக் கிளம்பும்போது, இவர் அதன் முன்னால் நின்று, அர்த்தம் தெரியாத மூன்று வார்த்தைகளைத் தப்பில்லாமல் சொல்லி அதை நிறுத்துவார். அதற்கு 14 வருடம் கழித்து, தன் தாய்மொழியிலேயே மூன்று வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல முடியாமல் இவர் படுத்திருக்கப் போகிறார். அந்தக் காட்சியை மகளின் லேப்டாப்பில் பார்த்தபோது என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

1953-இல் ரோல்ட் டாலைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு இங்கிலாந்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் என்ற கிராமத்தில் வீடு. ஐந்து பிள்ளைகள். அதில் இரண்டு பேருக்கு நடந்ததைக் கேட்டால் மனசு தாங்காது. 1960 டிசம்பரில் நியூயார்க்கில், நாலு மாதக் கைக்குழந்தை தியோவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவைக் கடக்கும்போது டாக்ஸி மோதி மண்டையில் பலத்த அடி. மூளையில் நீர் கோத்துக்கொண்டது. அதை வடிக்க வைத்த குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அப்போது டால், ஒரு ஹைட்ராலிக் இன்ஜினியர், ஒரு மூளை அறுவை டாக்டர் என்று மூன்று பேரும் சேர்ந்து புது வால்வு ஒன்றைச் செய்தார்கள். தியோ பிழைத்துக்கொண்டான், அந்த வால்வு மற்ற குழந்தைகளுக்குப் பயன்பட்டது. சரி, ஒரு கண்டம் தாண்டியது என்று மூச்சு விடுவதற்குள், 1962 நவம்பரில் மூத்த பெண் ஒலிவியா தட்டம்மையில் போய்விட்டாள். ஏழு வயது. அம்மை மூளையைத் தாக்கிவிட்டது. தட்டம்மைத் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1963-இல், அதாவது அதற்கு அடுத்த வருடம்.

இதைச் சொன்ன ராத்திரி என் மனைவி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிள்ளைகளுக்கு நடுவிலேயே காலம் கழித்தவள் அல்லவா. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வரும் நாட்களில், பயந்து ஓடும் பிள்ளைகளைப் பிடித்து மடியில் உட்கார வைத்துக்கொள்வது அவள்தான். கடைசியில் “ஊசி” என்றாள். அந்த வாரத்தில் அவள் சரியாகச் சொன்ன இரண்டாவது வார்த்தை அது.

ஒலிவியா போன மறுவருடம் வந்த படம் ‘ஹட்’. டெக்சாஸில் ஒரு மாட்டுப் பண்ணை, அதில் அப்பா, பிள்ளை, பேரன் என்று ஆண்கள் மட்டும் இருக்கும் வீடு. அங்கே சமைத்துப் போட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆல்மா என்ற பெண்ணாக இவர் வருகிறார். பால் நியூமேன்தான் ஹீரோ. முழுப் படத்தில் இவர் திரையில் இருப்பது அரை மணிக்கும் குறைவு. ஆனால் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குத்தான் வந்தது. அந்த விழா நடந்தபோது வயிற்றில் பிள்ளை, விழாவுக்குப் போகவில்லை. நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். அழுகையோ அலங்காரமோ கிடையாது. நாள் முழுக்க அடுப்படியில் நின்ற பெண்ணின் அசதி அவர் தோளில் தெரியும். கரகரத்த குரல். எதிரில் இருப்பவன் யார், என்ன எண்ணத்தோடு வருகிறான் என்று தெரிந்துகொண்டே பேசுகிற பேச்சு. கடைசியில் அந்த வீட்டில் தனக்கு மரியாதை இல்லை என்று ஆனதும் பெட்டியோடு பஸ் ஏறிப் போய்விடுவாள். சமையல் செய்பவர்களை இவ்வளவு கௌரவமாகக் காட்டிய படம் நான் அதிகம் பார்த்ததில்லை. என் மனைவிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. இருந்தும், ஆல்மா பாத்திரத்தைத் துடைக்கும் விதத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

இனி 1965. பிப்ரவரி 17. ஹாலிவுட்டில் ஜான் ஃபோர்டு இயக்கிய படத்தில் நடிக்க வந்திருந்தார். வயது 39, மூன்று மாத கர்ப்பம். சாயந்திரம் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்தது. என் மனைவிக்கு அடைப்பு, அவருக்கு வெடிப்பு. விளைவு ஒன்றுதான். தியோவுக்கு வைத்தியம் பார்த்த வகையில் மூளை அறுவை டாக்டர் ஒருவருடைய நம்பர் டாலிடம் இருந்தது. உடனே போன் போட்டார், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை.

மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை. மூன்று வாரம் நினைவில்லை. அவர் இறந்துவிட்டார் என்றே ஒரு சினிமாப் பத்திரிகை செய்தி போட்டுவிட்டது. கண் விழித்தபோது வலது பக்கம் அசையவில்லை, பேச்சு இல்லை. அப்புறம் வந்த வார்த்தைகளும் இல்லாத வார்த்தைகள். பொருளுக்குப் பெயர் தெரியாமல் வாய்க்கு வந்த ஒரு சத்தத்தைச் சொல்வார். எங்கள் வீட்டுக் கரண்டி மாதிரிதான். வயிற்றில் இருந்த குழந்தை அதே வருடம் ஆகஸ்டில் நல்லபடியாகப் பிறந்தது.

ஊருக்குக் கூட்டி வந்ததும் டால் செய்ததுதான் எங்கள் வீட்டையே மாற்றியது. தினமும் கொஞ்ச நேரப் பயிற்சி போதாது என்று அவருக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் அதற்கு மேல் தர ஆளும் இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு மணி நேரம் வாருங்கள், பேசுங்கள், படிக்க வையுங்கள், கணக்குப் போட வையுங்கள், சீட்டு விளையாடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். வந்தவர்கள் யாரும் தெரபிஸ்ட் இல்லை, அந்தக் கிராமத்து ஜனங்கள். அவர்களில் வேலரி ஈட்டன் கிரிஃபித் என்ற அம்மா விடாமல் வந்து, அந்த அனுபவத்தை 1970-இல் புத்தகமாகவே எழுதினார். அதன் பிறகு பிரிட்டனில் பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்களுக்கு இப்படித் தொண்டர்களே போய் உதவும் திட்டம் ஒன்று உருவானது.

கொசப்பேட்டையில் எங்கள் தெரு ஒரு ஆட்டோ சிரமப்பட்டு நுழைகிற தெரு. வாசலில் நின்று பேசினால் எதிர் வீட்டில் கேட்கும். அந்தத் தெருவில் நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஒருத்தரும் முடியாது என்று சொல்லவில்லை. காலை 9 மணிக்கு எதிர் வீட்டு டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவர், பத்திரிகைத் தலைப்பு படிக்க வைப்பார். 11 மணிக்குத் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்கா, நூல்கண்டுப் பெட்டியோடு வந்து ஒவ்வொரு கலராக எடுத்துக் காட்டுவார். நாலு மணிக்குப் பூ கட்டுகிற அம்மா, பூவை அளந்துகொண்டே ஒரு முழம், இரண்டு முழம் என்று எண்ண வைப்பார். ஐந்து மணிக்கு பாய் வீட்டு அம்மா. ஏழு மணிக்குப் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன், சத்துணவு வரிசையில் என் மனைவி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், வாய்ப்பாடு சொல்ல வைப்பான். அவள் தடுமாறினால் அவன் தப்பாகச் சொல்லி அவளைத் திருத்த வைப்பான்.

சொந்தக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. உடம்புக்கு முடியாதவளை ஏன் இப்படிப் படுத்துகிறாய், ஓய்வாக இருக்க விடு என்றார்கள். எனக்கே சில நாள் அப்படித் தோன்றும். களைத்துப்போய் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். பாட்ரிசியா நீலும் தன் கணவர் இரக்கமில்லாமல் வேலை வாங்குகிறார் என்று கோபப்பட்டிருக்கிறார், அந்தக் கோபத்தையும் சோர்வையும் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதனால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அவள் இடது கையைத் தூக்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மறுநாள் மறுபடி தொடங்கலாம்.

நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். அவள் வார்த்தையைத் தேடும்போது பாவமாக இருக்கும், நானே சொல்லிவிடுவேன். காபியா, சீப்பா, மாத்திரையா என்று அடுக்குவேன். அந்தத் தெரபிஸ்ட் பெண் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, சார், நீங்கள் அவர்கள் இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், மனசுக்குள் இருபது வரை எண்ணுங்கள், அதுவரை வாய் திறக்காதீர்கள் என்றாள். அந்த இருபது எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்றும் அவள் சொல்லிக் கொடுத்தாள். பேச வராதவர்களுக்குக்கூடப் பாட்டும் வரிசையாக எண்ணுவதும் வரலாம். உண்மைதான். தண்ணீர் என்று சொல்ல முடியாதவள், எங்கள் மகளுக்குப் பாடிய தாலாட்டை இரண்டு அடி முழுதாகப் பாடினாள். பாடி முடித்துவிட்டுத் தன் வாயிலிருந்தா வந்தது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

ஏழாவது மாதம் நடந்தது இது. பாய் வீட்டு அம்மா வந்து உட்கார்ந்து, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வந்திருக்கிறேன், குழம்பு வைக்கப்போகிறேன், எப்படி என்று சொல்லட்டுமா என்று ஆரம்பித்தார். எண்ணெய் ஊற்றணும், வெங்காயம் வதக்கணும், காயைப் போடணும், அப்புறம் ஒரு கைப்பிடி சர்க்கரை போடணும் என்றார். என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து “புளி!” என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டிலிருந்து அந்தக் குழம்பு ஒரு தூக்கு நிறைய எங்களுக்கு வந்தது.

பாட்ரிசியா நீலுக்கு வருகிறேன். 1967 மார்ச்சில் நியூயார்க்கில், மூளை பாதித்த குழந்தைகளுக்காக நடந்த விழாவில் மேடை ஏறிப் பேசினார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பேச்சை நாள் கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டு போனார். அடுத்த மாதம் ஆஸ்கர் மேடையில் ஒரு விருது கொடுக்க வந்தார், அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ‘தி கிராஜுவேட்’ படத்தில் மிஸஸ் ராபின்சன் வேடத்துக்குக் கேட்டபோது, இன்னும் தயாராகவில்லை என்று விட்டுவிட்டார். 1968-இல் ‘தி சப்ஜெக்ட் வாஸ் ரோசஸ்’ வந்தது. போரிலிருந்து மகன் திரும்பி வந்த வீட்டில் ஒரு தாய். நாடகத்திலிருந்து எடுத்த படம், வசனம் நிறைய. நடப்பதில் தாங்கல் இருந்தது. வசனத்தை மனப்பாடம் செய்வதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய போராட்டம். மனப்பாடத்தையே பிழைப்பாக வைத்திருந்த ஒருத்தருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அந்தப் படத்துக்கு அவர் பெயர் மறுபடியும் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் வந்தது. 1971-இல் ‘தி ஹோம்கமிங்’ என்ற தொலைக்காட்சிப் படத்துக்கு கோல்டன் குளோப் வாங்கினார். அதன் பிறகும் சினிமா, தொலைக்காட்சி என்று எழுபது வயதைத் தாண்டி நடித்தார். 1999-இல் வந்த ‘குக்கீஸ் ஃபார்ச்சூன்’ படத்தில் அவரைப் பார்க்கலாம். இதற்குப் பெயர் முடங்கிப்போவதா?

1978-இல் அவர் வளர்ந்த நாக்ஸ்வில் ஊரில் அவர் பெயரிலேயே மறுவாழ்வு மையம் திறந்தார்கள். அங்கே அடிக்கடி போய் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவார். 1983-இல் விவாகரத்து. தன்னை நிற்க வைத்த மனிதரே இன்னொரு பெண்ணோடு போய்விட்டார். ஒரு கணவனாக இந்த இடத்தை என்னால் லேசாகத் தாண்ட முடியவில்லை. டால் இல்லாவிட்டால் அவர் பேசியிருக்க மாட்டார் என்பதும் உண்மை, கடைசியில் அவர் அடைந்த வேதனையும் உண்மை. இரண்டையும் அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். 2010 ஆகஸ்ட் 8-ஆம் தேதி 84 வயதில், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு 45 வருடம் வாழ்ந்திருக்கிறார். உங்கள் கட்டுரை அந்த 45 வருடத்தையும் ஒரே வார்த்தையில் அழித்துவிட்டது.

வேலூரில் இருந்துகொண்டு அந்த வார்த்தையை நாம் எழுதவே கூடாது ஐயா. டாக்டர் மேரி வர்கீஸ் இருந்த ஊர் இது. 1954-இல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் பயிற்சி, பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ நிபுணர் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் படிப்பு. திரும்பி வந்து எங்கள் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பினார். வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது 1966-இல். அங்கே இங்கிலாந்துக் கிராமத்தில் பாட்ரிசியா நீல் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்த அதே காலம். இருவரும் ஒரு வயது வித்தியாசம்தான், மேரி வர்கீஸ் பிறந்தது 1925. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கவுண்டரில் இருந்த காலத்தில், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வரும் ஜனங்களுக்கு டிக்கெட் போட்டே எனக்குக் கொஞ்சம் வங்காளி வந்துவிட்டது. வரும்போது ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள், மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு கவுண்டருக்கே வந்து திரும்பிப் போக டிக்கெட் கேட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாகாயம் பஸ் எங்கே நிற்கும் என்று எத்தனை பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன்! அப்போதெல்லாம் அது எனக்கு வெறும் வழி சொல்லுகிற வேலை.

என் வேண்டுகோள் இரண்டு. வரும் ஞாயிறு இணைப்பில் அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். இரண்டாவது, நடிகையின் காதலுக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பதிப்பில் பக்கவாதத்துக்குக் கொடுங்கள். வாய் கோணினால், கையைத் தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால், உடனே 108-க்குப் போன் செய்து, ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள். நான்கரை மணி நேரக் கணக்கைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு பேச்சு திரும்ப மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும் என்பதையும் எழுதுங்கள். அதற்கு ஒரு தெருவில் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் எவ்வளவு நடக்கும் என்று அறிய, உங்கள் நிருபரை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். டீச்சரம்மாவும் பாய் வீட்டு அம்மாவும் பேசத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை என் மனைவி முழுவதும் படித்துவிட்டாள். இரண்டு நாள் ஆயிற்று. கோலத்தில் ஐந்து புள்ளி விட்ட இடத்தில் பத்து புள்ளி விட்ட மாதிரி மெதுவாகத்தான் படிக்கிறாள். 200 பிள்ளைகள் என்று நான் எழுதியதைப் பார்த்து “முதல்ல… 140” என்று திருத்தினாள். ஆரம்ப வருடங்களில் 140 பேர்தான், 200 ஆனது பிறகு. கரண்டி பற்றி எழுதியதை எடுத்துவிடச் சொல்வாளோ என்று நினைத்தேன். அந்த இடத்தில் நின்று, விரல் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் இருபது எண்ணினேன்.

“இருக்கட்டும்” என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
கொசப்பேட்டை, வேலூர்.
(பெயர் வெளியிட வேண்டாம்)